கைதட்டியவர்கள் மீதுள்ள கடன்



நம் ஊர்களில் ஜனாஸா தொழுகைக்கு முன்னால் ஓர் அறிவிப்புச் செய்வது வழக்கம். வாரிசுகளில் ஒருவரோ இமாமோ முன்னால் நின்று, மய்யித் யாருக்காவது ஏதாவது தரவேண்டியிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு என்பார். யாரையாவது மனம் நோகப் பேசியிருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள் என்பார். கூட்டமும் மன்னித்தோம் என்று சொல்லும். நல்ல வழக்கம். ஆனால் அதே ஸஃப்பில் நின்றுகொண்டு, "நான் இந்த மய்யித்துக்கு இவ்வளவு தரவேண்டியிருக்கிறது" என்று ஒருவர் கை தூக்குவது அபூர்வம். இறந்தவர் பட்ட கடனைப் பற்றி விசாரிக்கிறோம். இறந்தவரிடம் நாம் பட்ட கடனைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

இன்றைய பேச்சு அந்த இரண்டாவது கடனைப் பற்றியது. அதற்காக இங்கிலாந்தில் ஒரு கால்பந்து வீரர் இறந்த செய்தியை எடுத்துக்கொள்கிறேன். ஜும்ஆவில் கால்பந்தா, அதுவும் முஸ்லிம் அல்லாத ஒருவரைப் பற்றியா என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். காதிஸிய்யாவில் ஸஹ்ல் இப்னு ஹுனைஃப் (ரலி), கைஸ் இப்னு ஸஅத் (ரலி) என்ற இரண்டு ஸஹாபாக்கள் உட்கார்ந்திருந்தபோது ஒரு ஜனாஸா கடந்து போனது. இருவரும் எழுந்து நின்றார்கள். இது இந்த மண்ணின் மாற்று மதத்தவருடைய ஜனாஸா என்று அருகிலிருந்தவர்கள் சொன்னார்கள். அப்போது அந்த ஸஹாபாக்கள் நபி (ஸல்) அவர்கள் காலத்தில் நடந்ததைச் சொன்னார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு ஜனாஸாவுக்காக எழுந்து நின்றார்கள்; அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிர் அல்லவா என்று திருப்பிக் கேட்டார்கள். புகாரியில் வருகிற செய்தி இது. நாம் பேசப் போவதும் ஓர் உயிரைப் பற்றித்தான்.

கால்பந்து பார்க்கலாமா, தொழுகை நேரத்தில் மேட்ச் வந்தால் என்ன, மொபைலில் பந்தயம் கட்டுகிறார்களே அது என்ன என்பதெல்லாம் வேறு வாரங்களில் பேசியாகிவிட்டது. கடைசியில் சொன்னது ஹராம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். மேலே போவோம்.

அந்த மனிதர்

பெயர் ஜெஃப் ஆஸ்டில். 1942இல் பிறந்தவர். பர்மிங்ஹாம் நகரத்தை ஒட்டி வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் என்று ஒரு பழைய கிளப் இருக்கிறது. இன்று நம் பிள்ளைகள் ஜெர்சி வாங்கிப் போடுகிற கிளப்களில் அது இல்லை. 1964இல் 25,000 பவுண்டுக்கு அவரை வாங்கினார்கள். பத்து வருடம் அங்கே ஸ்ட்ரைக்கராக ஆடினார். 361 ஆட்டங்களில் 174 கோல் போட்டார்.

அவருடைய தனித்திறமை தலை. உயரத்தில் வருகிற பந்தை மற்றவர்களுக்கு மேலே எழும்பி நெற்றியால் முட்டி வலைக்குள் அனுப்புவதில் அந்தக் காலத்தில் அவருக்கு நிகராகச் சிலரைத்தான் சொல்வார்கள். நம் மைதானங்களில் ஹெட் அடிப்பது என்று சொல்கிறோமே, அது. பந்து அப்போது தோலில் செய்தது. மழையில் நனைந்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கனத்துவிடும். மேட்சில் அடிப்பது சில தடவைதான். பயிற்சியில் அடிப்பதற்குக் கணக்கே இல்லை.

1968 மே மாதம் வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். எதிரில் எவர்ட்டன். 90 நிமிடம் முடிந்து கோல் இல்லை. கூடுதல் நேரம் ஆரம்பித்து மூன்றாவது நிமிடத்தில் ஆஸ்டில் வலது காலால் அடித்தார். பந்து தடுக்கப்பட்டு அவரிடமே திரும்பி வந்தது. இடது காலால் மறுபடியும் அடித்தார். கோல். கோப்பை ஆல்பியனுக்கு. அந்த ஆண்டு கோப்பைப் போட்டியின் ஒவ்வொரு சுற்றிலும் அவர் கோல் போட்டிருந்தார். ஆயுள் முழுக்கத் தலையால் பேர் வாங்கிய மனிதருக்கு, ஆயுளின் மிகப் பெரிய கோல் காலில் வந்தது. அல்லாஹ் ரிஸ்கைப் பங்கிடுவது அப்படி.

ரசிகர்கள் அவரை அரசன் என்று அழைத்தார்கள். டட்லிக்குப் பக்கத்தில் நெதர்ட்டன் என்ற இடத்தில் ஒரு பாலத்தின் சுவரில் "ஆஸ்டில்தான் அரசன்" என்று பெயின்டில் எழுதி வைத்தார்கள். அரசன் என்ற வார்த்தை நமக்குக் கொஞ்சம் உறுத்தும். ஆனால் அந்தச் சுவரில் எழுதியவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்த குடும்பத்துப் பிள்ளைகள். வாரம் முழுக்க உழைத்துக் களைத்தவனுக்குச் சனிக்கிழமை மதியம் ஒரு சந்தோஷத்தைக் கொடுத்த மனிதனுக்கு அவர்கள் தங்களிடமிருந்த பெரிய வார்த்தையைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

அவர் ஒன்றும் பணக்காரர் ஆகவில்லை. அவர் ஆட வந்த காலத்தில், 1961 வரை, ஒரு வீரருக்கு வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பதே அந்த நாட்டில் விதி. ஆடி ஓய்ந்த பிறகு அவர் துப்புரவுத் தொழில் ஒன்றை நடத்தினார். ஜன்னல்களும் கட்டடங்களும் சுத்தம் செய்வது. 1970 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக ஒரு சுலபமான வாய்ப்பை அவர் தவறவிட்டிருந்தார். இங்கிலாந்து அந்த ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்றது. அதைச் சொல்லி ஊரே கேலி செய்யும். அவரும் சேர்ந்து சிரிப்பார். தன் வண்டியில், ஆஸ்டில் மூலைகளை ஒருபோதும் தவறவிட மாட்டார் என்ற பொருளில் விளம்பரம் எழுதிக்கொண்டவர் அவர். ரசிகர்கள் அவரை மறக்காமல் இருந்ததற்கு இந்தக் குணமும் ஒரு காரணம்.

ஐம்பதுகளின் நடுவில் அவருக்கு மறதி ஆரம்பித்தது. சாதாரண மறதி இல்லை. தான் கால்பந்து ஆடியவன் என்பதே போய்விட்டது. வெம்ப்ளியில் கோப்பையை வென்று கொடுத்தது போய்விட்டது. யாரோ தெருவில் கை குலுக்கி அந்தக் கோலைப் பற்றிச் சொன்னால், அவருக்கு அது வேறு யாருடைய வாழ்க்கையோ. 2002 ஜனவரி 19 அன்று இறந்தார். வயது 59.

அவர் இறந்தவுடன் நடந்த ஆட்டத்தில் ஜேசன் ராபர்ட்ஸ் என்ற ஆல்பியன் வீரர் கோல் போட்டுவிட்டு மேல்சட்டையைக் கழற்றினார். உள்ளே ஆஸ்டிலின் படம் போட்ட பனியன். நடுவர் விதிப்படி மஞ்சள் அட்டை காட்டினார். அடுத்த ஆண்டு ஹாதார்ன்ஸ் மைதானத்தில் அவர் பெயரில் இரும்புக் கதவுகள் அமைத்தார்கள். ரசிகர்கள் அழுதார்கள், பூ வைத்தார்கள், கழுத்துத் துணிகளைக் கட்டினார்கள். ஒரு வீரர் இறந்தால் எங்கேயும் நடப்பது இது.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தப் பேச்சை எடுத்திருக்கவே மாட்டேன்.

மரணத்தின் காரணம்

2002 நவம்பரில் மரண விசாரணை நடந்தது. சந்தேகமான மரணங்களை விசாரிக்க அந்த நாட்டில் தனி அதிகாரி உண்டு. அவர் மருத்துவ சாட்சியத்தைக் கேட்டுவிட்டு, இது தொழிலால் வந்த நோயினால் ஏற்பட்ட மரணம் என்று தீர்ப்பளித்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரல் நோய் வந்தால் என்ன சொல்வார்களோ அந்த வகை. பந்தைத் தலையால் முட்டி முட்டி மூளை சேதமாகியிருக்கிறது. 2014இல் வில்லி ஸ்டூவர்ட் என்ற நரம்பியல் மருத்துவர் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த மூளைத் திசுவை மறுபடி ஆராய்ந்தார். குத்துச்சண்டை வீரர்களுக்கு வருகிற அதே மூளைச் சிதைவு என்றார்.

சகோதரர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். எதற்காகக் கைதட்டினார்களோ, அதுதான் அவரைக் கொன்றது. அவர் எழும்பி நெற்றியால் அடித்த ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அந்தச் சத்தம் அவரை மறுபடியும் எழும்ப வைத்தது. அவர்கள் மனதில் எந்தத் தீங்கும் இல்லை, அன்புதான் இருந்தது. யாருக்கும் தெரியாது. பந்து என்பது நெற்றியில் பட்டால் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவர் உட்பட.

இப்போது கேள்வி. தெரியாமல், தீங்கு நினைக்காமல், ஒருவருடைய உழைப்பில் சந்தோஷப்பட்டேன். அந்த உழைப்பு அவரை அழித்தது என்று பிறகு தெரியவருகிறது. எனக்கு ஏதாவது பொறுப்பு உண்டா? அல்லது "எனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு, வருடத்துக்கு ஒரு தடவை அவருடைய பழைய கோல்களை மொபைலில் பார்த்துக் கண்கலங்கினால் போதுமா?

பாவம் இல்லை என்பது சுலபமாகத் தெரிகிற பதில். நினைத்துச் செய்யாததற்கு அல்லாஹ் பிடிக்க மாட்டான். ஆனால் பாவம் இல்லை என்றால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடுமா? இங்கேதான் நம் ஷரீஅத் ஒரு நுணுக்கமான இடத்தைத் தொடுகிறது. மத்ரஸாவில் கிதாபு ஓதும் காலத்தில் இந்தப் பாடத்தை மாணவர்கள் வேகமாகத் தாண்டிப் போவார்கள், இன்றைக்கு நடைமுறையில் இல்லாத சட்டம்தானே என்று.

ஒருவன் வேட்டைக்கு அம்பு விடுகிறான். அது குறி தவறி ஒரு மனிதன் மீது பட்டு அவன் இறந்துவிடுகிறான். இது கொலைக் குற்றம் ஆகாது. பழிக்குப் பழி கிடையாது. ஆனாலும் ஸூரத்துந் நிஸாவில் அல்லாஹ் இதற்கென்று சட்டம் வைத்திருக்கிறான்: பரிகாரமும் செய்ய வேண்டும், இறந்தவரின் குடும்பத்துக்குத் தியத் என்னும் ஈட்டுத்தொகையும் போய்ச் சேர வேண்டும். எண்ணம் இல்லை, குற்றம் இல்லை; ஆனால் போனது உயிர், அந்தக் குடும்பத்தின் இழப்பு நிஜம். "தெரியாமல் நடந்தது" என்ற வார்த்தை தண்டனையை நீக்குகிறது, கடனை நீக்குவதில்லை.

அதைவிட ஆச்சரியம் அடுத்தது. அந்தத் தியத்தை யார் கொடுப்பது? அம்பு விட்டவன் மட்டும் இல்லை. அவனுடைய ஆகிலா, அதாவது அவனைச் சேர்ந்த கூட்டம் கொடுக்க வேண்டும். ஹுதைல் கோத்திரத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டு, ஒருத்தி எறிந்த கல்லில் மற்றவள் இறந்தபோது, தியத்தை எறிந்தவளின் ஆகிலா மீது நபி (ஸல்) அவர்கள் சுமத்தினார்கள். பின்னால் உமர் (ரலி) அவர்கள் காலத்தில் படைவீரர்களுக்குத் தீவான் என்னும் பதிவேடு உருவானபோது, ஒரே பதிவேட்டில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் ஆகிலா என்று ஆனது. ஹனஃபி மத்ஹபு இதை எடுத்துக்கொண்டது. ஷாஃபிஈ மத்ஹபில் தந்தை வழி உறவினர்கள்தான். நமக்கு வேண்டியது ஹனஃபி இமாம்கள் சொல்கிற காரணம். ஹிதாயாவில் வருகிறது: இவன் கவனக்குறைவாக நடந்ததற்கு இவனிடம் இருந்த தெம்பு காரணம், அந்தத் தெம்பு இவனுடைய ஆதரவாளர்களால் வந்தது, அவர்களும் இவனைக் கவனிக்காமல் விட்டார்கள். ஆகவே அவர்களும் பங்கு போட்டுக் கொடுக்கட்டும்.

ஆதரவாளர்கள்! அரபியில் அன்ஸார் என்று அதே வார்த்தை. கால்பந்து ரசிகனுக்கு ஆங்கிலத்தில் சொல்கிற பெயரும் அதுதான்.

பங்கு பெரிதாகவும் இருக்காது. மூன்று வருடத்தில் தவணையாக, ஹனஃபி சட்டப்படி ஆளுக்கு மொத்தம் மூன்று அல்லது நான்கு திர்ஹத்துக்கு மேல் போகாது. யாரையும் நசுக்குவது நோக்கம் இல்லை. நாம் ஒரு கூட்டம் என்றால், அதன் சுமையிலும் ஆளுக்குக் கொஞ்சம் உண்டு என்பதுதான்.

தவறாக விளங்கிவிடாதீர்கள். வெஸ்ட் பிராம்விச் ரசிகர்கள் மீது தியத் கடமை என்று நான் ஃபத்வா கொடுக்கவில்லை. ஆஸ்டிலை யாரும் கொல்லவில்லை. அவர் தானே விரும்பி ஆடினார். சட்டத்தை அப்படியே இதில் பொருத்த முடியாது. ஆனால் சட்டத்துக்குள் இருக்கிற புத்தியை எடுத்துக்கொள்ளலாம். ஜெயித்த அன்று ரசிகன் என்ன சொல்கிறான்? "அவர்கள் ஜெயித்தார்கள்" என்றா சொல்கிறான்? "நாம ஜெயிச்சுட்டோம்" என்கிறான். நம் மஹல்லாத் தம்பிகளும் அப்படித்தான், எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஆடுகிற ஒரு கிளப்பைப் பற்றி, பஜ்ரு நேரத்துக்குக் கண் சிவக்க உட்கார்ந்துகொண்டு, நாங்க அடிச்சோம், நாங்க ஜெயிச்சோம் என்கிறார்கள். வெற்றியில் "நாம்" என்று சொல்லிவிட்டவர், ஆடியவருடைய நெற்றிக்குள் என்ன நடந்தது என்று வரும்போது மட்டும் "அவர்" என்று விலகிக்கொள்வது நியாயமா? ஒன்றின் பலனை அனுபவிப்பவர் அதன் நஷ்டத்துக்கும் பொறுப்பாவார் என்பது ஃபிக்ஹில் அடிப்படை விதி. வியாபாரிகளுக்குத் தெரியும் இது.

"சம்பளம் வாங்கினாரே, டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தோமே, கணக்கு முடிந்துவிட்டதே" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் ஒப்பந்தம் செல்லுபடியாக வேண்டுமானால், எதை விற்கிறோம் என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கால் உடையலாம், முட்டி தேயலாம் என்று அவருக்குத் தெரியும்; அதற்கு அவர் சம்மதித்தார். தன் பிள்ளைகளின் பெயரையும் தன் வாழ்க்கையையும் சேர்த்து விற்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. நாம் கொடுத்த டிக்கெட் காசில் அதன் விலை இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2002 நவம்பர் வரைக்கும் "தெரியாது" என்பது உண்மை. அந்தத் தீர்ப்பு வந்த நாளோடு அந்த வார்த்தையின் ஆயுள் முடிந்துவிட்டது. கால்பந்தை நடத்துகிறவர்கள் ஆய்வு நடத்துகிறோம் என்றார்கள். குடும்பம் காத்திருந்தது, வருடங்கள் போயின, கையில் முடிவு எதுவும் வரவில்லை. 2014இல்தான் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் குடும்பத்திடம் வருத்தம் தெரிவித்தது. நடுவில் போன அந்தப் பன்னிரண்டு வருடங்களைக் குறி தவறிய அம்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்கு வேறு பெயர்.

ரசிகர்கள் செய்தது

இனி நல்லதைச் சொல்கிறேன். நான் இந்தக் கதையை எடுத்ததே இதற்காகத்தான்.

ஆஸ்டிலின் மகள் டான், ஏன் இப்படி நடந்தது என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 2014இல் குடும்பம் "ஜெஃபுக்கு நீதி" என்று ஓர் இயக்கத்தைத் துவங்கியபோது ரசிகர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆஸ்டிலின் சட்டை எண் 9. ஆட்டத்தின் ஒன்பதாவது நிமிடத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள், பேனர் பிடித்தார்கள். முன்பு கைதட்டியது அவரைத் தலையால் முட்ட வைத்தது. இப்போது கைதட்டியது, அந்தத் தலைக்கு என்ன ஆனது என்று அதிகாரத்தில் இருப்பவர்களைப் பார்த்துக் கேட்டது. அதே கைகள், அதே மைதானம்.

2015 ஏப்ரல் 11 அன்று லெஸ்டர் அணியுடன் நடந்த ஆட்டத்தை ஆஸ்டில் நாள் என்று அறிவித்தார்கள். 1968 இறுதி ஆட்டத்தில் போட்டிருந்த அதே வெள்ளை உடை மாதிரியில், விளம்பரக் கம்பெனி பெயர் எதுவும் இல்லாமல், ஆல்பியன் வீரர்கள் இறங்கினார்கள். கடைசி நிமிடங்களில் லெஸ்டர் கோல் போட்டு 3-2 என்று ஜெயித்துவிட்டது. அது வேறு விஷயம். அன்றுதான் ஜெஃப் ஆஸ்டில் அறக்கட்டளை துவங்கியது, மூளை நோயால் கஷ்டப்படுகிற மற்ற பழைய வீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் துணையாக.

அபூ கத்தாதா (ரலி) அவர்களின் சம்பவம் உங்களுக்குத் தெரியும். ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. கடன் இருக்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இரண்டு தீனார் இருக்கிறது என்றதும், தொழ வைக்காமல் நின்றார்கள். அபூ கத்தாதா (ரலி) முன்வந்து, அது என் பொறுப்பு என்றார்கள். பிறகு தொழுகை நடந்தது. பயானில் இதுவரைக்கும்தான் நாம் வழக்கமாகச் சொல்வோம். அஹ்மதில் வரும் அறிவிப்பில் தொடர்ச்சி இருக்கிறது. பிறகு அபூ கத்தாதாவைப் பார்த்தபோது, அந்த இரண்டு தீனார் என்ன ஆயிற்று என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். கொடுத்தாயிற்று என்று தெரிந்த பிறகுதான், இப்போது அவருடைய தோல் குளிர்ந்தது என்ற கருத்தில் சொன்னார்கள். பொறுப்பு எடுக்கிறேன் என்று கூட்டத்தில் சொன்ன நேரத்தில் குளிரவில்லை. கொடுத்து முடித்தபோதுதான்.

மைதானத்து வாசலில் இரும்புக் கதவு அமைப்பது "என் பொறுப்பு" என்று சொல்வது மாதிரி. கொடுப்பது பிறகு வருகிறது.

கொடுத்து முடித்தார்களா? கொஞ்சம். 2019இல் கிளாஸ்கோவில் அதே ஸ்டூவர்ட்டின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரைப் பொதுமக்கள் சுமார் 23,000 பேரோடு ஒப்பிட்டார்கள். நரம்புச் சிதைவு நோயால் இறப்பது வீரர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு. நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்: இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறப்பது அவர்களிடம் குறைவு. ஓடியாடும் உடம்புக்கு அந்த நன்மை உண்டு. அடுத்து 2021இல் வந்த ஆய்வில், பந்தை அதிகம் தலையால் முட்டுகிற தடுப்பு வீரர்களுக்குத்தான் ஆபத்து அதிகம், சுமார் ஐந்து மடங்கு. கோல் கீப்பர்களுக்கோ சாதாரண மக்களின் அளவுதான் என்று தெரிந்தது. கோல் கீப்பர் கையால் பிடிக்கிறவர். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சிலர் தோல் பந்து காலம் போய்விட்டது, இன்றைய பந்து தண்ணீர் குடிக்காது, ஆகவே பயமில்லை என்கிறார்கள். இன்றைய பந்தும் 410 முதல் 450 கிராம் வரை எடை உள்ளதுதான். தண்ணீர் குடிக்காத பந்து வேகமாக வருகிறது. அந்தச் சமாதானத்தை நான் ஏற்பதில்லை.

பணக் கணக்கும் பாருங்கள். பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களுக்காக 2023இல் பிரீமியர் லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து ஒரு நிதி துவங்கின. துவக்கத் தொகை 10 லட்சம் பவுண்டு. அதே ஆண்டு ஜனவரியில் செல்சி கிளப் ஒரே ஒரு வீரரை வாங்கக் கொடுத்தது 10 கோடிப் பவுண்டுக்கும் மேல். ஆகிலாவில் ஆளுக்கு மூன்று திர்ஹம் என்று சொன்னேனே, அந்த அளவுக்கு ஒவ்வொரு ரசிகனிடமிருந்தும், டிவி உரிமை விற்கும் ஒவ்வொரு கோடியிலிருந்தும் எடுத்தாலே அந்தக் குடும்பங்களுக்கு மருத்துவமனைச் செலவு ஒரு பிரச்சினையாகவே இருக்காது. சந்தோஷம் பெரிதாகிவிட்டது, அதில் புழங்கும் பணமும் பெரிதாகிவிட்டது. பழைய கடன் மட்டும் பழைய அளவிலேயே கிடக்கிறது.

ஆஸ்டில் விஷயத்தில் என்னை மிகவும் பாதித்தது ஒன்று உண்டு. அவர் மறந்துபோனதை ரசிகர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். அந்த இடது கால் கோல் அவர் தலையிலிருந்து அழிந்துவிட்டது. ஆனால் வெஸ்ட் பிராம்விச்சில் எத்தனையோ ஆயிரம் தலைகளில் இருந்தது. ஒருவருடைய பொருளை அவர் வைத்துக்கொள்ள முடியாதபோது இன்னொருவர் வைத்துக் காப்பதற்கு நாம் அமானத் என்போம். அமானத்தாக வாங்கிய பொருள் நம் சொத்தாகிவிடாது. அந்த நினைவு அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் சொந்தமானது. அதை வைத்திருப்பவர்கள் அவர்களிடம் போய், உங்கள் வீட்டுக்காரர் எங்களுக்கு என்ன கொடுத்தார் தெரியுமா என்று சொன்னால் அது அமானத்தைத் திருப்பிக் கொடுப்பது. அவர்களுடைய கேள்வியைத் தன் கேள்வியாக எடுத்துக்கொண்டு மைதானத்தில் நின்றால் இன்னும் சரியான திருப்பிக் கொடுத்தல். ஆல்பியன் ரசிகர்கள் இரண்டையும் செய்தார்கள் என்பதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

கேரளாவிலோ கொல்கத்தாவிலோ லண்டனிலோ உங்களுக்குப் பிடித்த வீரர் நாளை இறந்துபோகலாம். ஸ்டேட்டஸ் வையுங்கள், தடுக்கவில்லை. அதோடு அவர் எப்படி இருந்தார், எதனால் இறந்தார், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் ஒரு தடவை விசாரியுங்கள். கிரிக்கெட்டுக்கும் இதேதான்.

கடைசியாக நம் ஊர் விஷயம். 2020 பிப்ரவரியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வடக்கு அயர்லாந்துக் கால்பந்துச் சங்கங்கள் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தன: ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் பந்தைத் தலையால் முட்டக் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்று. அடுத்த ஆண்டு, பெரிய தொழில்முறை வீரர்களுக்கே பயிற்சியில் வாரத்துக்குப் பத்து தடவைக்கு மேல் பலமான ஹெட் வேண்டாம் என்று இங்கிலாந்தில் சொல்லிவிட்டார்கள். நம் மஹல்லாவில் அஸருக்குப் பிறகு மைதானத்தில் சின்னப் பிள்ளைகளைப் பழக்குகிற தம்பிகள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் உழைப்பை அல்லாஹ் கபூல் செய்யட்டும். மக்தபில் குர்ஆன் ஓதிவிட்டு உங்களிடம் வருகிற பிள்ளைகள் எட்டு, ஒன்பது, பத்து வயதுக்காரர்கள். வரிசையில் நிற்க வைத்துப் பந்தைத் தூக்கிப் போட்டு, முட்டுடா என்று சொல்லாதீர்கள். உயரத்தில் பந்து வந்தால் நெஞ்சில் வாங்கிக் காலுக்குக் கொண்டு வரப் பழக்குங்கள். பெற்றோரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். மக்ரிபுக்குப் பிறகு என்னிடம் கேட்கிறவர்களுக்கு நானும் சொல்கிறேன்.